முழுமையாக ஏற்கிறேன், மிஸ்!

பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் என்னிடம் நூற்றுக்கு 60 வாங்கியிருக்கிறான். பரீட்சையில் இல்லை. பரிணாமக் கொள்கையை ஒருவர் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார் என்று அளக்கும் ஒரு கேள்வித்தாளில். அந்த அளவுகோலின் கணக்குப்படி 60 என்றால் "குறைவாக ஏற்பவர்" என்ற ரகம். அதாவது பையனுக்கும் டார்வினுக்கும் அவ்வளவாக ஒத்துவரவில்லை.

ஆனால் அவன் செய்தது என்ன தெரியுமா? இருபது வாக்கியங்களுக்கும் மேலிருந்து கீழே ஒரே கட்டத்தில், "முழுமையாக ஏற்கிறேன்" என்பதில், வரிசையாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டான். அந்த இருபதில் பத்து வாக்கியங்கள் பரிணாமத்துக்கு ஆதரவானவை, பத்து எதிரானவை. ஆதரவு வாக்கியத்தை முழுமையாக ஏற்றால் 5 மதிப்பெண், எதிர்ப்பு வாக்கியத்தை முழுமையாக ஏற்றால் 1 மதிப்பெண். ஆக 50-ம் 10-ம் 60.

"ஏண்டா, எல்லாத்துக்கும் ஒரே டிக்கு?" என்றேன்.

"நீங்க குடுத்தது மிஸ். அதுல தப்பாவா போட்டிருப்பீங்க?"

இதுதான் இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம். பி.எட். படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்காக ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" பாடம் எனக்கு வந்தது. எனக்கு வந்த ஆர்வக்கோளாறில், வெளிநாட்டில் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாளை நானே தமிழில் பெயர்த்துக் கொண்டுபோனேன். இதை ஆராய்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்றெல்லாம் கேட்காதீர்கள், அந்தத் தாள்களை வைத்து ஒரு சதவீதமும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்ததே.

முதலில் அந்தக் கேள்வித்தாளின் கதை. 1999-இல் அமெரிக்காவில் ரட்லெட்ஜ், வார்டன் என்ற இருவர் உருவாக்கியது. சுருக்கமாக "மேட்" என்பார்கள். இருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் முழுமையாக ஏற்கிறேன் முதல் முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்து கட்டங்கள். குறைந்தபட்சம் 20, அதிகபட்சம் 100. 89 அல்லது அதற்கு மேல் வாங்கினால் மிக அதிகமாக ஏற்பவர், 52 அல்லது அதற்குக் கீழே போனால் மிகக் குறைவாக ஏற்பவர். முதலில் இதை வைத்து அளந்தது மாணவர்களை இல்லை, இண்டியானா மாநிலத்து உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களை! ஆசிரியரே ஏற்காவிட்டால் வகுப்பில் எப்படி நடத்துவார் என்ற கவலை. நியாயமான கவலைதான். (நம்மூரில் யாரும் ஆசிரியர்களை இப்படி அளந்து பார்க்கலாம் என்று யோசித்தால் நான் முதல் ஆளாக லீவு போட்டுவிடுவேன்.)

அதற்குப் பிறகு வேறு அளவுகோல்களும் வந்தன. 2012-இல் வந்த ஒன்றில் 24 வாக்கியங்கள். அது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு இனத்துக்குள் நடக்கும் சின்ன மாற்றங்கள், புது இனங்களே உருவாகும் பெரிய மாற்றங்கள், கடைசியாக மனிதன். பூச்சி மாறுகிறது என்றால் தலையாட்டுகிறவர் மனிதன் என்று வந்ததும் நின்றுவிடுவார் என்பது இவர்களுக்குத் தெரியும். 2016-இல் இன்னொன்று, 2022-இல் பழைய மேட் கேள்வித்தாளுக்கே திருத்திய வடிவம் என்று வந்துகொண்டே இருக்கின்றன. பழைய மேட் மீது நெடுநாளாக இருக்கும் புகார், அது ஏற்பை மட்டும் அளக்கவில்லை, அறிவையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறது என்பது. உதாரணமாக, பூமியின் வயது பற்றிய வாக்கியம். அதற்குச் சரியாக டிக் அடிக்க டார்வினை ஏற்க வேண்டியதில்லை, புவியியல் பாடம் ஞாபகம் இருந்தால் போதும்.

நம்மூரில் அந்த வாக்கியத்தின் கதையே வேறு. பூமிக்கு வயது 20,000 ஆண்டுகளுக்கும் குறைவு என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்கிறது மேட். பைபிளை வரிக்கு வரி எடுத்துக்கொண்டு பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று நம்புகிற ஒருவரைப் பிடிப்பதற்குப் போட்ட வலை அது. நம் பாட்டியிடம் போய்க் கேளுங்கள். கலியுகம் மட்டுமே 4,32,000 ஆண்டு, பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று வைத்திருக்கிற மரபு இது. விஞ்ஞானிகள் சொல்லும் பூமியின் வயது சுமார் 454 கோடி. பாட்டி அந்த வலையில் சிக்கவே மாட்டார். டார்வின் பெயரையே கேள்விப்படாமல் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்!

இன்னொரு வாக்கியம், பைபிளின் படைப்புக் கதையோடு முரண்படுவதால் பரிணாமம் சரியாக இருக்க முடியாது என்பது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் "மத நூல்கள்" என்று மாற்றிப் போட்டேன். வகுப்பில் இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு பெண் எழுந்து, "மிஸ், எந்த நூல்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அமெரிக்காவின் எண்களைப் பார்த்து நம் ஆட்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஒப்பீட்டில் 34 நாடுகளில் அமெரிக்கா கடைசிக்கு முந்தைய இடம், அதற்கும் கீழே துருக்கி. அந்த ஆய்வாளர்களில் சிலரே பின்னர் சொன்ன கணக்குப்படி 2019-இல் அங்கே ஏற்பவர்கள் 54 சதவீதம் வந்தார்கள். நம் கதை? 2009-இல் டார்வினின் 200-வது பிறந்த ஆண்டை ஒட்டி பிரிட்டிஷ் கவுன்சில் பத்து நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. டார்வினைக் கேள்விப்பட்டு, அவர் கொள்கை ஓரளவு தெரியும் என்றவர்களில், அதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று சொன்னவர்கள் இந்தியாவில் 77 சதவீதம். பத்து நாடுகளில் நாம்தான் முதலிடம். டார்வின் பிறந்த பிரிட்டன்கூட நமக்குப் பின்னால்தான்.

இதைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அந்த அறுபது மார்க் பையன் ஞாபகம் வந்தான்.

என் கட்சி இதுதான். நம் ஊரில் பரிணாமத்துக்கு எதிர்ப்பு அதிகம் இல்லை என்பது உண்மை. ஆனால் எதிர்ப்பு இல்லாததும் ஏற்பதும் ஒன்றில்லை. எதிர்க்கிறவனுக்காவது அந்தக் கொள்கை தன்னிடம் எதையோ கேட்கிறது என்று புரிந்திருக்கிறது. நாமோ அது நம்மிடம் எதையும் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டு, முழுமையாக ஏற்கிறோம்.

இதில் பாதிக் குற்றம் சொற்களுடையது. "பரிணாமம்" என்று பாடத்தலைப்பு சொன்னாலும் வாயில் வருவது "பரிணாம வளர்ச்சி". அந்த வளர்ச்சி என்ற சொல் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? வளர்ச்சி என்றால் முன்னேற்றம், கீழேயிருந்து மேலே போவது. டார்வின் 1859-இல் எழுதிய புத்தகத்தின் முதல் பதிப்பில் ஆங்கிலத்தில் பரிணாமம் என்ற பெயர்ச்சொல்லே கிடையாது. மாற்றங்களோடு வழிவழியாக இறங்கி வருவது என்ற பொருளில்தான் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசிச் சொல்லாக மட்டும் அதன் வினைவடிவம் வரும். ஏறுவது இல்லை, இறங்கி வருவது.

எங்கள் ஊர் நான்கு மொழி ஊர். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், பக்கத்துப் பெஞ்சில் உருது என்று வளர்கிற பிள்ளைகள். நான்கிலும் இதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தெலுங்கில் பரிணாமம், நம்மைப் போலத்தான். கன்னடத்தில் விகாசம், மலர்ச்சி. உருதுவில் இர்திகா, அதற்கு மேலே ஏறுவது என்றே பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கூர்ப்பு என்று இருக்கும், அதிலும் கூர்மையாகிக்கொண்டே போவது போல ஒரு தொனி. ஆக எல்லா மொழியும் சேர்ந்து பையன்களுக்கு ஏணிப்படம்தான் போட்டுக்காட்டுகிறது. அந்தப் பிரபலமான படம் வேறு இருக்கிறதே, குனிந்த குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதனாவது. அதை எந்த டீ-ஷர்ட்டில் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

"இயற்கைத் தேர்வு" என்று கரும்பலகையில் எழுதினேன். "தேர்வு" என்றால் பத்தாம் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பொருள்தான், பரீட்சை. இயற்கை பரீட்சை வைக்கிறது, பாஸானவன் அடுத்த வகுப்புக்குப் போகிறான். "தகுதியுள்ளவை பிழைக்கும்" என்று விளக்கினால் இன்னும் மோசம். தகுதி என்ற சொல் தமிழ்நாட்டில் சும்மா இல்லை. நீட், கட்-ஆஃப், இட ஒதுக்கீடு என்று எல்லாச் சண்டையும் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொற்றொடர் டார்வினுடையதும் இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் உண்டாக்கியது, டார்வின் 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

கேள்வித்தாளில் "கொள்கை" என்று போட்டிருந்தேன். ஒருத்தன் கட்சிக் கொள்கையா என்று கேட்டுவிட்டான். அதோடு விட்டேன்.

சொற்களைத் தாண்டி ஊரும் ஒரு படத்தைக் கொடுக்கிறது. பரிணாமம் என்றால் என்னவென்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றபோது ஒரு பையன் சொன்னான். "வண்டி மாதிரி மிஸ். மொதல்ல டிவிஎஸ் 50 விட்டாங்க. அப்புறம் அதுலயே இம்ப்ரூவ் பண்ணிப் பண்ணி இப்ப எவ்ளோ மாடல். அது மாதிரி இயற்கை புதுப் புது மாடல் விடுது." வகுப்பே கைதட்டியது. நானும் ஒரு நொடி ஆஹா என்றுதான் நினைத்தேன். சிப்காட்டில் அப்பா, அம்மா, அண்ணன் என்று வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எங்கே கிடைக்கும்? 1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டிதான் அது.

ஆனால் உவமை தலைகீழ். தொழிற்சாலையில் முதலில் டிராயிங், அப்புறம் பாகம். அளவு பிசகினால் ரிஜெக்ட். பிசகு என்பது அங்கே நஷ்டம். உயிர்களில் டிராயிங்கே கிடையாது. பிசகுகள்தான் மூலப்பொருள். நகலெடுக்கும்போது தற்செயலாக வரும் பிசகுகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில கெடுக்கும், எப்போதாவது ஒன்று அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு உதவிவிடும். உதவியது அதிகமாக நகலாகும். அடுத்த மாடல் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க அங்கே ஆபீசும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. இதைச் சொன்னபோது பையனின் முகம் சுருங்கியது. "அப்ப யாரு மிஸ் முடிவு பண்றது?" என்றான். நான் அந்த வகுப்பில் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான். மேட் அளவுகோலில் அந்தப் பையன் எண்பதுகளில் இருந்தான். அதிகமாக ஏற்பவன்!

மேலே சொன்ன அறுபது மார்க் பையனின் அம்மா பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பாலிஹவுஸ் வேலைக்குப் போகிறார். காதலர் தினத்துக்கு இங்கிருந்து ரோஜா வெளிநாடு போவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரோஜாவின் பெரிய எதிரிகளில் ஒன்று சிவப்புச் சிலந்திப்பேன். இலைக்கு அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது வந்துவிடும். உலகம் முழுக்க இந்த வகைப் பேன் இதுவரை 90-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு காட்டியிருக்கிறது. பரிணாமத்தைக் கண்ணால் பார்க்க கலாபகோஸ் தீவுக்குப் போக வேண்டாம், பாகலூர் பஸ் ஏறினால் போதும்.

அதைப் பற்றி அவனிடம் கேட்டேன். உடனே சொன்னான். "ஆமா மிஸ், அம்மா சொல்லும். ஒரே மருந்து அடிச்சா அதுக்குப் பழகிடும். மாத்தி மாத்தி அடிக்கணும்."

பழகிடும். இந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. கொசுவுக்குச் சுருள் பழகிவிட்டது, எலிக்கு மருந்து பழகிவிட்டது, காய்ச்சலுக்கு மாத்திரை பழகிவிட்டது என்று நாம் எல்லாருமே சொல்கிறோம். ஒரு பேன் மருந்தைக் குடித்துக் குடித்துத் தாங்கக் கற்றுக்கொண்டு, அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்ற படம் அது. டார்வின் இல்லை, அதே பாடத்தில் இரண்டு பக்கம் முன்னால் வருகிற லாமார்க். நடந்தது வேறு. மருந்து அடிப்பதற்கு முன்பே அந்தக் கூட்டத்தில் தாங்கக்கூடிய சில பேன்கள் தற்செயலாக இருந்தன. மற்றவை செத்தன. இவை பெருகின. எந்தப் பேனும் எதற்கும் பழகவில்லை. கூட்டம்தான் மாறியது.

இதில் வேடிக்கை, மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பது சரியான முடிவு. அந்த அம்மாவின் நடைமுறை அறிவு என் பாடத்திட்டத்தைவிட உறுதியானது. விளக்கம் மட்டும்தான் தவறு. அந்தத் தவறை மேட் கண்டுபிடிக்காது. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்பதை ஏற்கிறீர்களா? ஏற்கிறேன். 5 மதிப்பெண்.

அடுத்து தசாவதாரம். இதைத் தொடாமல் இங்கே பரிணாமம் பேச முடியாது. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று வரிசையாக வருகிறதே, நம் முன்னோர் அன்றைக்கே சொல்லிவிட்டார்களே என்று வகுப்பில் ஒருத்தராவது சொல்வார்கள். வகுப்பில் என்ன, 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் தசாவதாரம் டார்வினுடையதைவிடச் சிறந்த கொள்கை என்று பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2018 ஜனவரியில், மத்திய மனிதவள இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங் டார்வின் சொன்னது அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது.

எனக்கு இரண்டாமவர்மீது கோபம் குறைவு. அவர் மறுக்கிறார், மறுப்புக்குப் பதில் சொல்லலாம். முதலாமவர் பேசியதில்தான் எனக்குப் பயம். அது ஏற்பதுபோல வந்து அணைத்துக்கொள்கிறது. தசாவதாரத்தைப் பரிணாமத்தோடு இணைக்கும் இந்தப் பேச்சு ஒன்றும் புராண காலத்தது இல்லை. டார்வினின் புத்தகம் வந்தது 1859. பிளாவட்ஸ்கி அம்மையார் தன் நூலில் இந்த இணைப்பை எழுதியது 1877. ஐந்து வருஷம் கழித்து அவருடைய பிரம்மஞான சபை நம்ம சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தது. டார்வின் சொல்லும்வரை இந்த வரிசையில் யாருக்கும் பரிணாமம் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவதாரம் என்ற சொல்லுக்கே மேலிருந்து இறங்கி வருவது என்று பொருள். ஆமை மீனின் பிள்ளை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காக, முழுமையாக, மேலேயிருந்து வருகிறது. காரியமும் இல்லாமல், மேலேயும் இல்லாமல் நடப்பதைத்தான் டார்வின் சொன்னார். பெருமாளை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு இன்றும் போகிறேன். அந்த 2009 கருத்துக்கணிப்பிலேயே கடவுளையும் பரிணாமத்தையும் சேர்த்து நம்பலாம் என்றவர்கள் இந்தியாவில்தான் அதிகம், அதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டு தனித்தனிக் கதைகளை ஒன்றாக்கி, இரண்டையும் கெடுக்க வேண்டாம் என்கிறேன். தொல்காப்பியத்தின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்பும் அப்படித்தான். அருமையான வகைப்பாடு. வகைப்பாடு வேறு, வழிவழி வேறு.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி அரசுப் பள்ளி, சமச்சீர்ப் பாடம். இன்னொருவன் சிபிஎஸ்இ. தமிழ்நாட்டுப் பாடத்தில் 2019-இல் வந்த புதிய பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இதற்கு ஒரு முழு அலகே இருக்கிறது. என்சிஇஆர்டி நூலிலோ கோவிட் காலத்தில் சுமை குறைப்பு என்று முதலில் தேர்விலிருந்து எடுத்தார்கள். 2022-இல் அந்தக் குறைப்பு நிரந்தரமானது. "மரபும் பரிணாமமும்" என்று இருந்த அத்தியாயம் 2023 அச்சில் வெறும் "மரபு" ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி எழுதிய கடிதத்தில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை ஓசூரில் நின்றுகொண்டு கேட்டுப் பாருங்கள். இங்கே பத்தாவது முடித்தவுடன் எத்தனையோ பேர் ஐடிஐ, பாலிடெக்னிக் போய்விடுகிறார்கள். பதினெட்டு வயதில் சிப்காட் கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதுதான் வீட்டின் திட்டம். பதினொன்றாம் வகுப்பு போகிறவர்களிலும் காமர்ஸ், கம்ப்யூட்டர் என்று எடுப்பவர்களுக்கு உயிரியல் கிடையாது. இவர்களுக்கெல்லாம் பத்தாம் வகுப்புதான் உயிரியலின் கடைசி ஸ்டாப்பிங். அங்கே பஸ் நிற்காது என்று அறிவித்துவிட்டு, அடுத்த ஊரில் ஏறிக்கொள்ளுங்கள் என்றால் எப்படி?

ஆனால் நம் பக்கம் பாடம் இருப்பதாலேயே எல்லாம் சரி என்று மார்தட்ட முடியவில்லை. "அந்தப் பாடமா? ஒரு தரம் ரீடிங் விட்டுட்டு, அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு வேறுபாடு எழுதிப் போட்ரும்மா. அதுதான் கேப்பான்" என்றார் ஓர் அனுபவசாலி. தப்பான ஆலோசனை என்றும் சொல்ல முடியாது, அதைத்தான் கேட்பான். எதிர்வீட்டுப் பையனுக்குப் பாடம் இல்லை. இந்தப் பெண்ணுக்குப் பாடம் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. டார்வின் மட்டும் இருவரிடமும் இல்லை.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. மனிதர்கள் எல்லாருக்கும் பொது மூதாதை உண்டு என்ற பொருளில் நானே சேர்த்த வாக்கியத்துக்கு "முழுமையாக ஏற்கிறேன்" போட்ட ஒரு பெண், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு ஏதோ பேச்சில், மிகச் சாதாரணமாகச் சொன்னாள். "அவங்க வேற நாங்க வேற மிஸ். ரத்தமே வேற." யாரைச் சொன்னாள் என்பது அடுத்த பெஞ்சில் இருந்தவளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அடுத்த பெஞ்சுக்காரி டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதே வாக்கியத்தை இதைவிட நாகரிகமான சொற்களில் கேட்டிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு காபி கொடுத்திருக்கிறேன். ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டில் வெவ்வேறு மக்கள் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன, அதற்குப் பிறகுதான் அவரவருக்குள் மட்டும் மணக்கும் வழக்கம் இறுகியது என்கிறது. ரத்தம் வேறாக இருந்ததால் கதவை அடைக்கவில்லை, கலந்த பிறகுதான் அடைத்தோம். கௌரவம் என்ற பெயரில் கொலை விழும் மாவட்டம் இது. செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

மயிலாடும்பாறையில் கி.மு. 2172 அளவிலேயே இரும்பு இருந்தது என்று 2022-இல் அறிவித்தபோது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தது. நானும் வைத்தேன். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகள் கிடைத்ததற்கு யாரும் ஸ்டேட்டஸ் வைத்ததாக ஞாபகம் இல்லை. அவற்றைச் செய்தவர்கள் நம் இனமே இல்லை. ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள்தான். தமிழர்களுக்கு முன்னால் மட்டும் இல்லை, மனிதர்கள் என்று நாம் சொல்கிறவர்களுக்கும் வெகு முன்னால் யாரோ கொற்றலை ஆற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். "இந்த மண்ணின் முதல் குடி யார்?" என்று அடுத்த முறை யாராவது சண்டை போட்டால் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அடி விழுந்தால் தாங்கிக்கொள்கிறேன் :-)

ஆகவே அளக்கவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அளக்காவிட்டால் 77 சதவீதத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். ஆனால் இண்டியானாவுக்குத் தைத்த சட்டையை ஓசூர்ப் பையனுக்கு மாட்டி, தோள் பொருந்தவில்லை, பையன்தான் குறை என்று எழுதக்கூடாது. ஏற்கிறாயா என்று கேட்பதைக் குறைத்துவிட்டு, என்ன நடந்தது சொல் என்று கேட்க வேண்டும். பேனைப் பற்றி, கொசுவைப் பற்றி, அடுத்த பெஞ்சைப் பற்றி. அதைத் தமிழில், கன்னடத்தில், தெலுங்கில், உருதுவில் அங்கேயே யோசித்து எழுத வேண்டும். அந்தத் தாளைத் திருத்துவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். டிக்கை எண்ணுவது சுலபம்.

பயிற்சி முடிகிற நாள், அறுபது மார்க் பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"மருந்தடிச்ச மறுநாள் சாகாம இருக்கற பேன் இருக்குல்ல, அது மருந்தடிக்கறதுக்கு முந்தின நாள் எங்கடா இருந்துச்சு?"

"அங்கயேதான் மிஸ் இருந்திருக்கும். எலைக்கு அடியில."

"அப்ப அது எப்படா பழகிச்சு?"

வாயைத் திறந்தான். மூடினான். தலையைச் சொறிந்தான். பெல் அடித்தது, மற்றவர்கள் ஓடினார்கள், இவன் மட்டும் வாசலில் நின்று, "மிஸ், அம்மாகிட்ட கேட்டுட்டு வரட்டா?" என்றான்.